கணினிக்குள் கணினி: அதற்கு இன்டர்நெட் கொடுப்பது எப்படி?

இறுதியாண்டு மாணவி, கணினிப் பொறியியல் துறை



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றார்கள். கவிதை எழுத நம் கல்லூரியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆகவே நம் துறை சம்பந்தமாக, நாளைக்கே லேபில் உட்கார்ந்து செய்து பார்க்கக்கூடிய விஷயம் ஒன்றை எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

ஜூனியர் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அக்கா, வி.எம். போட்டாச்சு. லினக்ஸும் ஏத்தியாச்சு. கம்ப்யூட்டர்ல நெட் நல்லா வருது. ஆனா அதுக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர்ல மட்டும் வரமாட்டேங்குது. என்ன பண்றது?"

எந்த இடத்தில் டிக் போட வேண்டும் என்று மட்டும் சொன்னால் நாலு வரியில் முடிந்துவிடும். ஆனால் அடுத்த வாரம் வேறொரு கம்ப்யூட்டரில் அதே பிரச்சினை வந்தால் மறுபடியும் அக்காவைத் தேடி வர வேண்டியிருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால் யாரையும் தேட வேண்டியதில்லை. எனவே முதலில் காரணத்தையும், பிறகு செய்முறையையும் பார்ப்போம்.

இது யாருக்குத் தேவை?

வீட்டில் இரண்டு மூன்று கம்ப்யூட்டரும் ஒரு ரவுட்டரும் இருப்பவர்களுக்கு இது அவ்வளவு முக்கியமில்லை. நம்மில் பலருக்கு வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருப்பதே பெரிய விஷயம். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். எங்கள் வீட்டில் இருப்பது 4 ஜி.பி. ராம் உள்ள ஒரு செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப். அம்மா சீட்டு எடுத்து வாங்கிக் கொடுத்தது. அதில்தான் என் தம்பியும் படிக்கிறான். அதைப் போய் ஃபார்மட் அடித்து லினக்ஸ் சர்வர் போட்டுப் பார்க்க முடியுமா?

சரி, லேபில் செய்யலாம் என்றால், ஒரு சிஸ்டத்துக்கு இரண்டு பேர். நாலரை மணிக்குப் பூட்டிவிடுவார்கள். சர்வர் வேலை என்பது புத்தகத்தைப் படித்து வருவதல்ல. போட்டு, கெடுத்து, மறுபடி போட்டுப் பழகினால்தான் கைக்கு வரும். அப்படிப் பழக, 'கெட்டாலும் பரவாயில்லை' என்று சொல்லக்கூடிய ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். பணம் கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு அந்தக் கம்ப்யூட்டரைச் சும்மா கொடுப்பதுதான் வி.எம். எனப்படும் மெய்நிகர் கணினி.

வி.எம். என்றால் என்ன?

நம்மிடம் உள்ள உண்மையான கம்ப்யூட்டரை ஹோஸ்ட் என்கிறோம். அதில் ஒரு புரோகிராமை ஓடவிடுகிறோம். அந்தப் புரோகிராம் ஒரு முழுக் கம்ப்யூட்டர் போல நடிக்கிறது. அதற்குத் தனி ராம், தனி ஹார்ட் டிஸ்க், தனி நெட்வொர்க் கார்டு என்று எல்லாம் இருப்பதாகக் காட்டுகிறது. அதற்குள் ஏற்றப்படும் ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கெஸ்ட் என்கிறோம். கெஸ்ட், தான் ஒரு நிஜக் கம்ப்யூட்டரில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு வேலை செய்கிறது.

இது புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஐ.பி.எம். நிறுவனம் தன் பெரிய மெயின்ஃப்ரேம் இயந்திரங்களுக்காக 'வி.எம்./370' என்ற சிஸ்டத்தை 1972-லேயே அறிவித்துவிட்டது. நாம் வீட்டில் வைத்திருக்கும் சாதாரணக் கம்ப்யூட்டருக்கு இது 1999-ல் வி.எம்.வேர் ஒர்க்ஸ்டேஷன் மூலம் வந்தது. 2007-ல் இன்னோடெக் என்ற ஜெர்மானிய நிறுவனம் விர்ச்சுவல்பாக்ஸை வெளியிட்டது. 2008-ல் அது சன் நிறுவனத்தின் கைக்கும், 2010-ல் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்கும் மாறியது. அதை இலவசமாகவே பயன்படுத்தலாம். இந்தக் கட்டுரையில் நான் எடுத்துக்கொள்ளும் உதாரணமும் அதுதான்: விண்டோஸ் ஹோஸ்ட், விர்ச்சுவல்பாக்ஸ், உள்ளே டெபியன் லினக்ஸ் கெஸ்ட். இன்டர்நெட் வருவது போனை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து. நம்மில் பலர் வீட்டு நிலைமை இதுதானே!

டெஸ்க்டாப் படங்கள் எதுவும் இல்லாமல் கறுப்புத் திரையோடு நிறுவினால் டெபியன் 512 எம்.பி. ராமில் ஓடும். ஆகவே 4 ஜி.பி. உள்ள பழைய பெட்டியிலும் ஒன்றல்ல, இரண்டு கெஸ்ட் கூட ஓட்டலாம்.

உள்ளே இருப்பதற்கு வயர் எங்கே?

ஒரு நாள் இரவு நான் இதைச் செய்துகொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். அப்பா காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். ஐந்தாவது வரைதான் படித்திருக்கிறார்.

"ஏங்கண்ணு, பொட்டி ஒண்ணுதான இருக்குது. ரெண்டு கம்ப்யூட்டருங்கற?"

"ஆமாங்கப்பா. இன்னொண்ணு இதுக்குள்ள ஓடுது."

"செரி, உள்ள இருக்கறதுக்கு வயரு எங்க?"

நான் அசந்துபோனேன். மூன்று வருடம் படித்தவர்கள் கேட்காத, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இது. கெஸ்டுக்கு வயர் கிடையாது. அதன் நெட்வொர்க் கார்டு வெறும் மென்பொருள். அந்தக் கார்டிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு தகவல் பொட்டலமும் முதலில் வந்து விழுவது ஹோஸ்டின் மடியில்தான். அதை ஹோஸ்ட் என்ன செய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

"நம்ம நெட்டையே வாங்கி அதுக்குக் குடுக்குதுங்கப்பா. ஆனா இது உள்ள இருக்கறதே வெளிய யாருக்கும் தெரியாது" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப, எங்களுக்கு டீக்கடை அட்ரசுக்கு லெட்டர் வந்த மாதிரியா?" என்றார்.

அப்பா சின்ன வயதில் ஊரைவிட்டு வேலைக்கு வந்தபோது ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரே கொட்டகையில் தங்கியிருந்தார்களாம். கொட்டகைக்கு ஏது கதவு எண்? வருகிற கடிதமெல்லாம் 'மே/பா' என்று போட்டு எதிரே இருந்த டீக்கடை முகவரிக்கே வரும். தபால்காரருக்குத் தெரிந்தது டீக்கடை மட்டும்தான். எந்தக் கடிதம் யாருக்கு என்று பார்த்துக் கொடுப்பது கடைக்காரரின் வேலை.

நண்பர்களே, இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. கெஸ்ட் என்பது கொட்டகையில் இருக்கும் ஆள். ஹோஸ்ட் என்பது டீக்கடை. இந்த 'மே/பா' ஏற்பாட்டுக்கு நெட்வொர்க் பாஷையில் 'நேட்' என்று பெயர். முகவரி மாற்றம் என்று தமிழில் சொல்லலாம்.

நேட் எப்படி வேலை செய்கிறது?

தபாலில் மே/பா போட்டாலும் உறையின் மேல் ஆளின் பெயர் இருக்கும். நேட் இன்னும் ஒரு படி மேலே போகிறது. உள்ளே இருப்பவரின் முகவரியை அடியோடு நீக்கிவிட்டுத் தன் முகவரியைப் போட்டு, கூடவே ஒரு டோக்கன் நம்பரையும் எழுதி அனுப்புகிறது. டோக்கன் யாருடையது என்பதைத் தன் நோட்டில் குறித்துக்கொள்கிறது. அந்த டோக்கன்தான் போர்ட் நம்பர். 16 பிட் எண் என்பதால் அதில் 65,535 வரை போகலாம்.

விர்ச்சுவல்பாக்ஸில் நேட் போட்டால் கெஸ்டுக்கு வழக்கமாகக் கிடைக்கும் முகவரி 10.0.2.15. அதன் வாசல், அதாவது கேட்வே, 10.0.2.2. இப்போது கெஸ்ட் ஓர் இணையதளத்தைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். தளத்தின் முகவரியையும் டோக்கன் நம்பர்களையும் உதாரணத்துக்காக நானே போட்டிருக்கிறேன்.

1. கெஸ்ட் எழுதுவது: அனுப்புநர் 10.0.2.15, போர்ட் 40001. பெறுநர் 203.0.113.10, போர்ட் 443.

2. ஹோஸ்ட் அதை வாங்கித் திருத்தி அனுப்புவது: அனுப்புநர் 192.168.42.20, போர்ட் 51515. பெறுநர் அதே. நோட்டில் குறிப்பது: '51515 என்று வந்தால் கெஸ்டின் 40001-க்குக் கொடு.'

3. பதில் 51515 என்ற டோக்கனோடு ஹோஸ்டுக்கு வருகிறது. ஹோஸ்ட் நோட்டைப் பார்க்கிறது. கெஸ்டிடம் சேர்க்கிறது.

கெஸ்டுக்கு, தானே நேரில் பேசியது போலத் தெரிகிறது. இணையதளத்துக்கோ கெஸ்ட் என்று ஒருவர் இருப்பதே தெரியாது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று. விர்ச்சுவல்பாக்ஸில் இந்த வேலையைச் செய்வது விண்டோஸ் அல்ல, விர்ச்சுவல்பாக்ஸ் புரோகிராமேதான். உங்கள் பிரவுசர் எப்படி நெட்டைக் கேட்டு வாங்குகிறதோ, அதேபோல ஒரு சாதாரண புரோகிராமாக நின்று கெஸ்டுக்காகக் கேட்டு வாங்குகிறது. அதனால்தான் ஹோஸ்டுக்கு நெட் கேபிளில் வந்தாலும், ஒய்ஃபையில் வந்தாலும், போன் வழியாக வந்தாலும் நேட்டுக்கு ஒன்றுதான். லாகின் பக்கம் கேட்கும் நெட்வொர்க்கிலும் ஹோஸ்டில் ஒருமுறை லாகின் செய்தால் கெஸ்டுக்கும் சேர்த்துத்தான்.

நேட் ஏன் பிறந்தது?

இது வி.எம்.முக்காகக் கண்டுபிடித்ததல்ல. பழைய ஐ.பி. முகவரி 32 பிட் கொண்டது. ஆக மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 முகவரிகள்தான் உண்டு. உலகத்துக்கு இது போதாது என்பது 1990-களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. தற்காலிக வைத்தியமாக எகெவாங், பிரான்சிஸ் என்ற இருவர் 1994-ல் நேட் முறையை எழுதி வெளியிட்டார்கள். 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் முகவரிகளை யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்ற இன்றைய விதி 1996-ல் வந்தது. 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி, உலகப் பொதுக் கிடங்கில் மிச்சமிருந்த கடைசி முகவரித் தொகுதிகளும் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. 128 பிட் கொண்ட புது முகவரி முறை பரவிவந்தாலும், தற்காலிக வைத்தியம் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

உங்கள் போனும் நேட்தான் செய்கிறது. கம்ப்யூட்டருக்கு 192.168 என்று ஒரு முகவரியைக் கொடுத்துவிட்டு, தன் முகவரியில் வெளியே பேசுகிறது. மொபைல் நிறுவனங்கள் பலவும் பழைய ஐ.பி. முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பங்குபோட்டுத் தருகின்றன. அதற்கென்றே 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள் 2012-ல் ஒதுக்கப்பட்டன. ஆகவே நம் கெஸ்டிலிருந்து கிளம்பும் ஒரு கடிதம், ஹோஸ்ட், போன், கம்பெனி என்று மூன்று டீக்கடை தாண்டிப் போக வேண்டியிருக்கலாம். அப்படிப் போயும் கண்மூடித் திறப்பதற்குள் பதில் வருகிறது என்றால் ஆச்சரியம்தானே!

செய்முறை

இனி விஷயத்துக்கு வருவோம்.

1. கெஸ்டை முழுமையாக ஷட் டவுன் செய்யுங்கள்.

2. விர்ச்சுவல்பாக்ஸில் அதைத் தேர்ந்தெடுத்து செட்டிங்ஸ், அதில் நெட்வொர்க், அதில் அடாப்டர் 1.

3. 'எனேபிள் நெட்வொர்க் அடாப்டர்' என்பதில் டிக் இருக்க வேண்டும்.

4. 'அட்டாச்ட் டு' என்ற இடத்தில் நேட் என்று தேர்ந்தெடுங்கள்.

5. 'கேபிள் கனெக்டட்' என்பதிலும் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத வயரைப் பிடுங்கிவிட்டது போல ஆகிவிடும் இந்த டிக்கை எடுத்தால்!

6. கெஸ்டை ஓடவிட்டு, அதில் முகவரி தானாகக் கிடைக்கும்படி, அதாவது டி.எச்.சி.பி. முறையில், வைத்துவிடுங்கள். நீங்களாக முகவரி எதையும் டைப் செய்ய வேண்டாம்.

அவ்வளவுதான். பத்தில் எட்டுப் பேருக்கு இதிலேயே வந்துவிடும். வராத இரண்டு பேருக்குத்தான் அடுத்த பகுதி.

நெட் வரவில்லையா? வரிசையாகப் பாருங்கள்

டாக்டர் நாடி பார்ப்பது போல, பக்கத்திலிருந்து தொடங்கித் தூரம் போக வேண்டும். நடுவில் தாவக்கூடாது.

முதலில், ஹோஸ்டில் நெட் வருகிறதா? டீக்கடைக்கே தபால் வரவில்லை என்றால் கொட்டகைக்கு எப்படி வரும்? டேட்டா தீர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, கெஸ்டுக்கு முகவரி கிடைத்திருக்கிறதா? லினக்ஸில் 'ஐ.பி. ஏ' என்ற கட்டளை இதைக் காட்டும். 10.0.2.15 என்று இருந்தால் நல்லது. ஒன்றுமே இல்லாவிட்டாலோ, விண்டோஸ் கெஸ்டில் 169.254 என்று தொடங்கினாலோ, முகவரி கொடுப்பவர் கண்ணிலேயே படவில்லை என்று அர்த்தம். மேலே சொன்ன மூன்று, நான்கு, ஐந்தாம் படிகளை மறுபடி பாருங்கள்.

மூன்றாவது, 10.0.2.2 என்ற வாசலுக்குப் பிங் செய்யுங்கள். பதில் வந்தால் கெஸ்டிலிருந்து வாசல் வரை வழி சரி.

நான்காவது, 8.8.8.8 போன்ற வெளி முகவரி ஒன்றுக்கு எண்ணாலேயே பிங் செய்யுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. நேட்டுக்குள்ளிருந்து பிங் சில சமயம் சரியாகப் போகாது. நெட் நன்றாக இருந்தும் பிங் மட்டும் வராமல் இருக்கலாம். ஆகவே பிங்கை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ஓர் இணையப் பக்கத்தையும் இறக்கிப் பாருங்கள்.

ஐந்தாவது, எண் போட்டால் போகிறது, பெயர் போட்டால் போகவில்லை என்றால் குறை டி.என்.எஸ்.-ல். பெயரை எண்ணாக மாற்றித் தரும் டைரக்டரி அது. லேபில் ஒரு நெட்வொர்க், வீட்டில் போன் நெட் என்று மாற்றிமாற்றிப் போடுகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். கெஸ்ட் பழைய டைரக்டரியையே தேடிக்கொண்டிருக்கும். கெஸ்டின் நெட்வொர்க்கை நிறுத்தி மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஆறாவது, கல்லூரி நெட்வொர்க்கில் ப்ராக்ஸி இருந்தால், ஹோஸ்ட் பிரவுசரில் போட்ட ப்ராக்ஸி அமைப்பு கெஸ்டுக்குத் தானாக வராது. கெஸ்டுக்குள்ளும் தனியாக ஒருமுறை போட வேண்டும். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

உள்ளே போவது எப்படி?

இதுவரை பார்த்தது உள்ளிருந்து வெளியே போகும் வழி. இப்போது கெஸ்டில் ஒரு வெப் சர்வர் போட்டிருக்கிறோம். ஹோஸ்டின் பிரவுசரில் அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். 10.0.2.15 என்று போட்டால் வருமா? வராது!

காரணம் நோட்டுதான். உள்ளிருந்து ஒருவர் கடிதம் போட்டால்தான் நோட்டில் குறிப்பு இருக்கும். குறிப்பே இல்லாமல் வெளியிலிருந்து ஒருவர் வந்து நின்றால், யாரிடம் அனுப்புவது என்று நேட்டுக்குத் தெரியாது. எனவே நாமே முன்கூட்டி ஒரு குறிப்பு எழுதி வைக்க வேண்டும். 'இந்தப் பெயரைச் சொல்லி யார் வந்தாலும் கொட்டகைக்கு அனுப்பிவிடு' என்று கடைக்காரரிடம் சொல்லி வைப்பது போல. இதற்குப் போர்ட் ஃபார்வர்டிங் என்று பெயர்.

அடாப்டர் 1 பக்கத்திலேயே 'போர்ட் ஃபார்வர்டிங்' என்ற பட்டன் உண்டு. அதில் ஒரு வரி சேருங்கள்: புரோட்டோகால் டி.சி.பி., ஹோஸ்ட் ஐ.பி. 127.0.0.1, ஹோஸ்ட் போர்ட் 8080, கெஸ்ட் போர்ட் 80. கெஸ்ட் ஐ.பி.யைக் காலியாக விட்டுவிடலாம். இப்போது ஹோஸ்டின் பிரவுசரில் 127.0.0.1:8080 என்று போட்டால் கெஸ்டின் பக்கம் வந்து நிற்கும். இதேபோல 2222-ஐ 22-க்கு அனுப்பினால் எஸ்.எஸ்.எச். மூலம் கெஸ்டுக்குள் லாகின் செய்யலாம்.

ஹோஸ்ட் ஐ.பி.யில் 127.0.0.1 போடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அது அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டுமேயான முகவரி. காலியாக விட்டால், அதே நெட்வொர்க்கில் இருக்கும் மற்றவர்களும் உங்கள் சர்வர் கதவைத் தட்டலாம். புராஜெக்ட் டெமோவுக்கு நண்பன் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் திறந்துவிடுங்கள். மற்றபடி, போன் நெட்டில் இருந்துகொண்டு வெளியூரில் உள்ளவருக்கு உங்கள் பக்கத்தைக் காட்ட இது போதாது. நடுவில் இருக்கும் மற்ற இரண்டு டீக்கடைகளின் நோட்டில் எழுத நமக்கு அனுமதி இல்லையே!

மற்ற வழிகள்

நேட் தவிர முக்கியமாக மூன்று வகைகள் இருக்கின்றன.

பிரிட்ஜ்: இதில் மே/பா கிடையாது. கெஸ்ட் தனிக் கதவு எண் வாங்கிக்கொண்டு ஹோஸ்டுக்குப் பக்கத்து வீடு போல நெட்வொர்க்கில் உட்காரும். அதன் வன்முகவரி, அதாவது மேக் அட்ரஸ், வழக்கமாக 08:00:27 என்று தொடங்கும். கேபிள் நெட்வொர்க்கில் இது நன்றாக வேலை செய்யும். ஒய்ஃபையில் சிக்கல். ஒய்ஃபை நிலையம் தன்னிடம் பதிவு செய்த கார்டின் மேக் அட்ரஸை மட்டும்தான் ஏற்கும் என்பதால், விர்ச்சுவல்பாக்ஸ் அங்கே முகவரியை மாற்றி எழுதிச் சமாளிக்கிறது. அது எல்லா இடத்திலும் எடுபடாது. மேக் அட்ரஸைப் பதிவு செய்து நெட் கொடுக்கும் விடுதிகளிலும் இதே கதைதான். அப்படிப்பட்ட இடங்களில் நேட்டே நமக்குத் துணை.

ஹோஸ்ட் ஒன்லி: ஹோஸ்டும் கெஸ்டும் மட்டும் பேசிக்கொள்ளும் தனி அறை. ஹோஸ்டுக்கு வழக்கமாக 192.168.56.1 என்ற முகவரி. இதில் இன்டர்நெட் வராது.

நேட் நெட்வொர்க்: இரண்டு கெஸ்டுகளுக்குச் சாதாரண நேட் போட்டால் இரண்டுக்குமே 10.0.2.15 என்ற ஒரே முகவரிதான் இருக்கும். ஒன்றை ஒன்று பார்க்கவும் முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டீக்கடை. இரண்டும் பேசிக்கொள்ளவும் வேண்டும், நெட்டும் வேண்டும் என்றால் நேட் நெட்வொர்க் என்பதைப் போட வேண்டும்.

வீட்டில் பழக எனக்குப் பிடித்த ஏற்பாடு: அடாப்டர் 1-ல் நேட், அடாப்டர் 2-ல் ஹோஸ்ட் ஒன்லி. ஒன்று நெட்டுக்கு, ஒன்று நமக்கு. போன் கேபிளைப் பிடுங்கினாலும் ஹோஸ்டுக்கும் கெஸ்டுக்கும் உள்ள பேச்சு அறுபடாது.

கவனிக்க வேண்டியவை

கெஸ்ட் குடிக்கும் டேட்டா, உங்கள் போன் டேட்டாதான். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. பேக்கில், கெஸ்ட் தானாக அப்டேட் இறக்க ஆரம்பித்தால் தம்பியின் ஆன்லைன் பாடம் நின்றுபோகும். ஆகவே தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் வேண்டியபோது இறக்குங்கள்.

நேட்டைச் சிறைச்சாலை என்று நம்ப வேண்டாம். வெளியிலிருந்து உள்ளே வருவதை அது தடுக்கும். ஆனால் உள்ளிருந்து வெளியே போவதைத் தடுக்காது. உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் உள்ள மற்ற கருவிகளையும் கெஸ்டால் எட்ட முடியும். சந்தேகமான மென்பொருளைச் சோதிப்பதென்றால் 'கேபிள் கனெக்டட்' டிக்கை எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. மே/பா என்று போட்டால் பெயர் கடைக்காரருடையது. கெஸ்டுக்குள் இருந்து நீங்கள் என்ன செய்தாலும் வெளியே பதிவாவது ஹோஸ்டின் முகவரிதான். லேப் கம்ப்யூட்டரில் செய்தால் அது கல்லூரியின் முகவரி. 'வி.எம்.முக்குள்ள தானே செய்தேன்' என்று சொல்லித் தப்ப முடியாது. கல்லூரி நெட்வொர்க்கில் பிரிட்ஜ் போடும் முன் லேப் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இதைப் படித்து என்ன பயன்?

இன்று கிளவுட், கிளவுட் என்கிறார்கள். அமேசான் நிறுவனம் 2006-ல் வாடகைக்கு விடத் தொடங்கியது என்ன தெரியுமா? மெய்நிகர் கணினிகளைத்தான்! அங்கேயும் உள்ளே தனி முகவரி, வெளியே போக நேட், உள்ளே வர நாமாகத் திறந்துவிடும் போர்ட் என்று இதே கணக்குதான். பெரிய டேட்டா சென்டரில் நடப்பதும், சீட்டுப் பணத்தில் வாங்கிய பழைய பெட்டியில் நடப்பதும் அடிப்படையில் ஒன்றே. இன்டர்வியூவில் 'சர்வர் போட்டுப் பழகியிருக்கிறாயா?' என்று கேட்டால், வீட்டில் ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நாமும் தைரியமாக 'ஆம்' என்று சொல்லலாம். எப்படி என்று கேட்டால் பேப்பரில் படம் போட்டும் காட்டலாம்.

முதல் முறை கெஸ்டுக்கு நெட் வந்ததும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் நோண்டலாம். கெட்டுப்போனால் ஒரு கிளிக்கில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ஸ்னாப்ஷாட் எடுப்பதையும் அதை அடுக்கடுக்காக வைப்பதையும் பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள் மாலையில் லேபில் வந்து கேளுங்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.